யாருக்கு வலம்?

12 ஆகஸ்ட் 1962, ஞாயிறு. ஸ்ரீரங்கம்.

எங்கள் ஆபீஸ் அருள்ராஜ் மரத்தில் செய்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை மேனேஜர் தன் மேஜைமேலேயே வைத்துக்கொண்டார். அதே மாதிரி நான் செய்த விமானத்துக்கு ஒரு "பேஷ்", அதோடு சரி. ஒரு வாரமாக வயிறு எரிகிறது.

அவனுடையதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தேன். புரொப்பெல்லரின் இதழ்களை எதிர்ப்பக்கம் திருகிச் செதுக்கியிருந்தான். இன்று பாலக்கரையில் அவன் வீட்டுக்கே போய், அவன் மனைவி காதுபடச் சொன்னேன்: "உங்க விசிறி அப்பிரதட்சிணமா சுத்தறதே, அருள்ராஜ்! வலமாச் சுத்தணும்னு புஸ்தகத்துல போட்டிருக்கே."

அவன் சிரிக்கக்கூட இல்லை. "ஓட்டுறவன் சீட்லேருந்து பாத்தா வலம், சார். நீங்க சன்னதியில நிக்கிற மாதிரி எதிர்ல நின்னு பாத்துட்டீங்க."

தப்பு என்னுடையதில்தான்; எதிரிலிருந்து பார்த்து மாற்றிச் செதுக்கியவன் நான். அவன் மனைவி காபியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். "என்கிட்ட இன்னொண்ணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று ஒரு புரொப்பெல்லரை என் கையில் திணித்தான்.

வாங்காமல் வந்திருக்கலாம். வீட்டுக்கு வந்ததும் என் விமானத்தில் மாட்டிப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்துவிட்டது.

ஒரு நூலாவது பிசகியிருக்கக் கூடாதா?