பையில் இருந்த வலைநூல்

சென்னை, 1972

அன்புள்ள அப்பாவுக்கு மலர்கொடி வணங்கி எழுதுவது. நான் சுகம். இடுப்பு வலியோடு கடலுக்குப் போகாதீர்கள்.

அச்சகத்தில் லீவு போட்டு, சர்க்கார் வேலை இன்டர்வியூவுக்குப் போனேன். காத்திருக்கும்போது கை நடுங்கியது. நீங்கள் கொடுத்த வலைநூலை எடுத்து முடிச்சுப் போட ஆரம்பித்ததும் நடுக்கம் நின்றது.

பக்கத்தில் திருவாரூர் மிராசுதார் மகள். நில உச்சவரம்புச் சட்டத்தில் நிலம் போனதால் அவளும் வேலை தேடி வந்திருந்தாள். அவள் அப்பா கூடவே உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது.

"எம் பொண்ணுக்கும் கை நடுங்குது. கொஞ்சம் நூல் குடும்மா" என்றார்.

"இவ்வளவுதாங்க இருக்கு" என்று பையை மூடிவிட்டேன். உள்ளே ஒரு கண்டு நூல் இருந்தது. அவளுக்குத்தான் பக்கத்திலேயே அப்பா இருக்கிறாரே, நூல் எதற்கு?

தெருமுனைத் தபால்பெட்டியைத் திறக்கத் தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன். அடுத்த இன்டர்வியூவுக்கு நூல் அனுப்ப வேண்டாம். நீங்கள் வாருங்கள்.

மலர்கொடி