சிரட்டையால் அளந்த காரம்

இன்று காலை சவுக்காரத்துக்கான சோடாக் காரத்தைத் தண்ணீரில் போட்டதும் எழுந்த ஆவி மூக்கை எரித்தது. அது விலகும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றேன். அடுப்பின் மறுபக்கம், தோழி, நீ நிற்கும் இடம் மூன்று வருடமாகக் காலியாக இருக்கிறது. ஆனாலும் சவுக்காரம் செய்யும் நாளில் அங்கே நான் எதையும் வைப்பதில்லை.

அந்த நெடியோடு நேற்றுக் கேட்ட ஒரு பேச்சும் சேர்ந்துகொண்டது. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது லேஸ் பின்னும் ஞானம்மாள் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உனக்க சவுக்காரத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது மக்களே. செத்துப்போன அந்தப் பிள்ளைக்குத்தான் அளவு தெரியாம போச்சு.”

நான் தலையாட்டினேன்.

சவுக்காரம் உன் யோசனை. நம் சபைப் பெண்கள் மிஷன் பங்களாவுக்கு லேஸ் பின்னிக் கொடுத்தார்கள். கை வேர்வையில் நூல் அழுக்கானால் வெள்ளைக்காரத் துரைசானி அதைத் திருப்பிவிடுவார். வெளுக்கச் சீமைச் சோப்பு வேண்டும். அது அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. நாமே செய்யலாம் என்றாய். எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருக்கிறவள் நான், செய்முறையைக் கண்டுபிடிப்பது என் பொறுப்பு என்றும் சொன்னாய். ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. எண்ணெய் ஆறு பங்கு, காரம் ஒரு பங்கு என்று வாசித்துச் சொன்னேன். வீட்டில் தராசு இல்லை. தேங்காய்ச் சிரட்டையால் அளந்தால் போதும் என்றேன்.

“எடை போடணும்னு இருக்கா, அளக்கணும்னு இருக்கா? நல்லா பாருட்டி.”

புத்தகத்தில் அந்த வரி எனக்குச் சரியாகப் புரியவில்லை. உன்னிடம் அதை ஒத்துக்கொள்ள வெட்கம். “ரெண்டும் ஒண்ணுதாண்டி” என்றேன். நீ அளந்தாய்.

காரம் எண்ணெயைவிடக் கனம். சிரட்டைக்குச் சிரட்டை அது கூடிப்போனது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு, திருவிருந்தில் அப்பம் வாங்க நீண்ட கைகளைப் பார்த்தோம். சிவந்து, நுனித்தோல் உரிந்து, நூலைப் பிடிக்க முடியாத விரல்கள். நம் சவுக்காரத்தை வாங்கிய பதினொரு பெண்கள். பண்டிகைக்காக எடுத்த வேலை அவ்வளவும் அவர்களுக்குக் கைநழுவிப் போயிற்று.

வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டும் என்றாய். “வாறியா?” என்று ஒருமுறைதான் கேட்டாய். நான் எங்கள் கதவுக்குப் பின்னால் நின்று, நீ தெருவில் இறங்கிப் போவதைப் பார்த்தேன்.

சாயங்காலம் முகம் வீங்கித் திரும்பினாய். பதினொரு வாசலிலும் “அளந்தது நான்தான்” என்று சொல்லியிருந்தாய். பொய்யும் இல்லை, சிரட்டையைப் பிடித்தது உன் கை. நான் அழுதது உனக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும்.

“உனக்க பேர நான் எடுக்கல்ல. ரெண்டு பேருக்கும் பேரு கெட்டா நாளைக்கு நம்ம சவுக்காரத்த எவ வாங்குவா? போய் ஒரு தராசு வாங்குட்டி, படிச்சவளே.”

அடுத்த மாதமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

தராசை நான் தனியாக வாங்கினேன். சவுக்காரம் மூன்று முறை கெட்டது. ஒருமுறை கட்டியாகாமல் கஞ்சியாகவே கிடந்தது. ஒவ்வொரு தடவையும் நிறுத்திவிட நினைத்தேன். உன் கேள்வி விடவில்லை, எவ வாங்குவா என்று. எடை போட்டேன், ஒரு மாதம் உலரவிட்டேன், முதலில் என் கைகளைக் கழுவிப் பார்த்தேன். இப்போது நம் சவுக்காரம் கொட்டாரம் ஊர்க் கடைகளுக்கும் முட்டத்துக்கும் வண்டியில் போகிறது. என்னைத் தைரியசாலி என்கிறார்கள்.

இன்று காரத்தை அப்படியே மூடிவைத்துவிட்டு ஞானம்மாள் அக்கா வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார். நின்றபடியே சொன்னேன்: அளவு சொன்னது நான், அவள் சந்தேகப்பட்டுக் கேட்டாள், தெரிந்ததுபோல் பதில் சொன்னவள் நான். அக்கா பின்னலிலிருந்து கையை எடுத்தார். தன் விரல்களைப் பார்த்தார்.

“அந்தப் பிள்ள இந்த வாசல்ல நின்னு விறச்சா. நான் வாயில வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். அப்ப நீ எங்கட்டி இருந்த?”

அவர் மறுபடி பின்னத் தொடங்கிவிட்டார். இனி என் சவுக்காரம் அந்த வீட்டுக்குள் போகுமா, தெரியாது.

இன்னும் பத்து வீடுகள் இருக்கின்றன. எந்த வாசலில் உன்னை அதிகம் ஏசினார்கள் என்று அன்று நான் கேட்டுவைக்கவில்லை. அதனால் எல்லா வாசலிலும் ஒரே பயத்தோடுதான் ஏற வேண்டும். நாளை அடுத்த வீடு.