துண்டு போட்டு வைத்த இடம்

ஜமுனாமரத்தூர்
6-1-1982

அன்புள்ள ரோசிக்கு,

கிருபா அக்கா எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? இங்கே குளிர் எலும்பைத் தொடுகிறது. பேனாவை உதறி உதறித்தான் எழுதுகிறேன்.

புத்தாண்டுக்கு வேலூர் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமல் போனேன். நீ பஸ் நிலையத்தில் எவ்வளவு நேரம் நின்றாயோ. பாலாறு மெல்லிசைக் குழுவின் கச்சேரி அன்று எப்படி இருந்தது, அம்சவல்லி என்னென்ன பாடினாள் என்பதை ஒன்றுவிடாமல் எழுது. என் சர்வீஸின் கடைசி வருஷம், ஆசிரியர் மாநாட்டில் கரண்ட் போய், அந்தப் பெண் மைக் இல்லாமலே ஒரு தாலாட்டுப் பாடினாளே. விசில் அடிக்கிற பையன்களுக்கு நடுவில் நாம் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அதற்குப் பிறகு அவளை நேரில் கேட்கும் பாக்கியம் எனக்கு வாய்க்கவில்லை.

முதல் நாள் ராத்திரி அண்ணனுக்கு இருமல் வந்துவிட்டது. "போய்ட்டு வா கிருபா, யார் வாணாம்னாங்க" என்றார். சொல்லிவிட்டு இருமினார். இருமல் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஏசுராஜ் அண்ணனைப் பற்றி உனக்குத் தெரியும். வாதம் வந்து இடது கை விழுந்ததிலிருந்து சட்டைப் பொத்தானுக்குக்கூட ஆள் வேண்டும்.

போகாதே என்று யாராவது சொன்னால் சண்டை போடலாம். இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை வெளியே போகவேண்டும் என்று கை தூக்கும். "இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுப் போ" என்போம். போட்டு முடித்தால் இன்னொரு கணக்கு இருக்கும். நாம் கெட்டவர்களா என்றால் இல்லை. கணக்கு தீராது, அவ்வளவுதான். அண்ணி இறந்தபோது ஒரு மாதம் கூட இருந்துவிட்டுப் போகலாம் என்றுதான் நானும் பெட்டியோடு மலையேறினேன். மூன்று வருஷம் ஆகிறது. அந்தப் பெட்டி கட்டிலடியில் அப்படியே கிடக்கிறது.

அன்புடன்,
கிருபாவதி


கணியம்பாடி
2-2-1982

அன்புள்ள கிருபா அக்காவுக்கு,

முட்டி வலிக்கிறது, ஆனால் கச்சேரி உள்ள நாளில் வலிப்பதில்லை. என் மகன் ஜேம்ஸ் கேட்கிறான்: "ஏம்மா, ஜெபக்கூட்டத்துக்கு மட்டும் முட்டி மடங்க மாட்டேங்குது, பாட்டுக் கச்சேரின்னா ஆரணி வரைக்கும் போவுதே, அது இன்னா முட்டி?" அவன் அப்பா இருந்தபோது நான் எங்கும் போனதில்லை. இப்போது போகிறேன். இதில் விளக்க என்ன இருக்கிறது?

குழுவின் மெட்டாடர் வேன் முன்னால் போகிறது, நான் பின்னால் டவுன் பஸ்ஸில். ஆரணியில் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். வேன் டிரைவர் இறங்கியதும் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், மேடை போட வந்தீங்களா?" என்று கேட்டார். அம்சவல்லி சிரித்தாள். அக்கா, பக்கத்தில் பார்த்தால் இன்னும் சின்னப் பெண். மஞ்சள் சேலை, தொண்டையில் மப்ளர், கையில் பிளாஸ்கில் வெந்நீர்.

ஒரு காரியம் செய்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பாதிக் கச்சேரியில், பாட்டு கேட்கிறவர்கள் பெயரும் ஊரும் எழுதிச் சீட்டு கொடுக்கலாம் அல்லவா? உங்களுக்குப் பிடித்த அந்தத் தாலாட்டைக் கேட்டு, உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். அறிவிப்பாளர் பஞ்சாட்சரம் கணீர் என்று வாசித்தார்: "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர், ஜவ்வாது மலையிலிருந்து வந்திருக்கும் கிருபாவதி டீச்சர்." ஆரணி முழுக்கக் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உங்கள்
ரோசி


ஜமுனாமரத்தூர்
20-2-1982

அன்புள்ள ரோசி,

உன் கடிதம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிட்டது. மலை பஸ் கண்டக்டர் தங்கவேல் ஆரணிக்காரராம். கடைத்தெருவில் வைத்து, "இன்னா டீச்சர், எங்க ஊருக்குக் கச்சேரிக்கு வந்தீங்களாமே. எங்க பஸ்ல வரலியே, எதுல போனீங்க?" என்றார். புளி எடை போட வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் வரவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, ரோசி. சிரித்துவிட்டு வந்துவிட்டேன். நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தவள் செய்த வேலை இது.

அன்று முழுக்க உடம்பு லேசாக இருந்தது. சாமைக் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, இந்நேரம் ஆரணியில் என் பெயர் யார் காதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று நினைத்தேன்.

அண்ணன் கேள்விப்பட்டுச் சிரித்தார். திட்டவில்லை. இனி எங்கே கச்சேரி நடந்தாலும் என் பெயரைக் கொடு. பாட்டை நீயே பார்த்துத் தேர்ந்தெடு.

அன்புடன்,
கிருபாவதி


கணியம்பாடி
25-3-1982

அன்புள்ள அக்காவுக்கு,

வாணியம்பாடியிலும் திருப்பத்தூரிலும் உங்கள் பெயர் வாசித்தாயிற்று. இப்போதெல்லாம் பஞ்சாட்சரம், "வழக்கம்போல் நம் மலை டீச்சர்" என்றே ஆரம்பிக்கிறார். திருப்பத்தூரில் ஒரு சங்கடம். "எல்லா ஊருக்கும் வந்து எங்களை வாழ்த்தும் டீச்சர் அவர்கள் ஒருமுறை எழுந்து நிற்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார். நான் பின்பக்கம் எங்கோ கையைக் காட்டினேன். யாரோ ஒரு அம்மாள் பேரனுக்கு மூக்கு சிந்திவிட எழுந்தாள். கூட்டம் அவளுக்குக் கை தட்டியது. அவளும் கும்பிட்டாள்.

சிரிப்பை நிறுத்திவிட்டு அடுத்ததைப் படியுங்கள். அம்சவல்லிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை பம்பாயில். கல்யாணத்துக்குப் பிறகு பாடுவதில்லை என்று பேச்சாம். கடைசிக் கச்சேரி கலசப்பாக்கத்தில், மே 16, ஞாயிற்றுக்கிழமை. ஒரு துணிக்கடைத் திறப்பு விழா. அதனால் சாயங்காலம் ஐந்து மணிக்கே தொடங்குகிறார்கள். உங்கள் மலை பஸ் அந்த வழியாகத்தான் போகிறது. இதைவிடப் பக்கத்தில் அவர்கள் வரப்போவதில்லை. வாருங்கள்.

ரோசி


ஜமுனாமரத்தூர்
18-4-1982

அன்புள்ள ரோசி,

உடனே பதில் எழுதவில்லை. மனதைச் சரிசெய்துகொள்ள நாள் பிடித்தது.

சாப்பாட்டு நேரம் பார்த்து அண்ணனிடம் சொன்னேன். அவர் நல்ல மனதோடுதான் பேசினார். "உன் பேருதான் ஊர் ஊரா போய்ட்டு வருதே கிருபா. பஸ்ஸு இல்லாம, கால்வலி இல்லாம. நீ வேற எதுக்கு அலையணும்? போகணும்னா போய்ட்டு வா, நான் எதுனா தின்னுக்கறேன்."

அந்த 'எதுனா'வில் கட்டிப் போட்டுவிட்டார். ஆனால் முதலில் சொன்னது அதைவிட உறைத்தது. யோசித்தால் சரியாகத்தான் இருக்கிறது. கூண்டுக்குள் இருக்கிற பறவையின் நிழல் வெளியே தரையில் விழும். நிழல் நகர்கிறதே என்று பார்க்கிறவர்களுக்குத் திருப்தி. பறவைக்கும் சில நாள் திருப்தி.

கலசப்பாக்கத்திலும் என் பெயரைக் கொடுத்துவிடு. தாலாட்டைக் கேள். அம்சவல்லிக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல்.

அன்புடன்,
கிருபாவதி


கணியம்பாடி
1-5-1982

அக்கா,

கொடுக்கமாட்டேன்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் படித்தேன். நான் பிரியமாகச் செய்தது உங்கள் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாளாகப் போய்விட்டது. உங்கள் அண்ணன் சொன்னதில் தப்பில்லை. தப்பு என்னுடையது. நான் உங்கள் பெயரைக் கூட்டிக்கொண்டு திரிந்ததால்தான் நீங்கள் வராமலே வந்ததாக எல்லோரும் நிம்மதியாக இருக்கிறீர்கள், நீங்கள் உள்பட.

இனி சீட்டு எழுதுவதானால் உங்கள் கையெழுத்தில் நீங்கள் எழுதுங்கள். கலசப்பாக்கத்தில் முன்வரிசைப் பாயில் பச்சைத் துண்டு போட்டு உங்களுக்கு இடம் வைத்திருப்பேன். என் மருமகள் கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

ரோசி


கணியம்பாடி
17-5-1982

கிருபா அக்காவுக்கு,

கச்சேரி முடிந்தது. துண்டின் மேல் உட்கார வந்தவர்களை எல்லாம் "ஆள் வருது, ஆள் வருது" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பொம்பளை, "எந்த ஊரு மகாராணிம்மா அது?" என்று கேட்டாள். ரோட்டுப் பக்கம் திரும்பித் திரும்பி என் கழுத்து பிடித்துக்கொண்டது.

மூன்று பாட்டு ஆனதும் பஞ்சாட்சரம் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நம் ஜவ்வாது மலை டீச்சர் இன்று வரவில்லை போலிருக்கிறது" என்று மைக்கிலேயே சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நாலாவது பாட்டு முடிந்ததும் துண்டை எடுத்து உதறினேன். கைப்பிள்ளையோடு நின்றிருந்த ஒருத்தியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். பிறகு தூறல் போட்டது. அப்புறம் பாடியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

உங்களைக் குறை சொல்ல எனக்கு வயசில்லை. ஆனால் காத்திருப்பதற்கும் ஒரு பலம் வேண்டும், அது எனக்குத் தீர்ந்துவிட்டது. இனி நான் கச்சேரிக் கதைகள் எழுதப்போவதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரோசி


ஜமுனாமரத்தூர்
17-5-1982

அன்புள்ள ரோசி,

இதைப் படிக்கும்போது நீ கோபமாக இருப்பாய். இருந்தாலும் கடைசி வரி வரை படித்துவிடு.

நேற்று நான் வந்திருந்தேன்.

காலையில் எழுந்ததும் கட்டிலடியில் இருந்த பெட்டியை இழுத்து நல்ல சேலையை எடுத்தேன். அண்ணனிடம் போகட்டுமா என்று கேட்கவில்லை. "கலசப்பாக்கம் போய்ட்டு கடைசி பஸ்ல வந்துடறேன்" என்று மட்டும் சொன்னேன். "போய்ட்டு வா" என்றார், எப்போதும்போல. மத்தியான பஸ்ஸுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்ததும் உள்ளேயிருந்து, "கிருபா, மாத்திர எங்க வெச்சிருக்க?" என்றார். சொன்னேன். வேலிப் படலைத் தாண்டினதும், "கஞ்சிக்கு உப்பு போட்டியா?" என்றார். போட்டேன் என்றேன். தெருமுனையில் தங்கவேல் விசில் ஊதிவிட்டார். மூன்றாவது தரமும் அண்ணன் குரல் வந்தது. என்னவென்று காதில் விழவில்லை. ரோசி, நான் திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

வழியில் எல்லாம் அந்த மூன்றாவது குரல்தான். விழுந்துவிட்டாரோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டாரோ என்று என்னென்னவோ நினைத்தேன். மலை இறக்கத்தில் ரேடியேட்டர் கொதித்துப் பஸ் நின்றது. தண்ணீர் ஊற்றி ஆறவைத்து எடுக்க வெகு நேரம். மேலே போகிற வண்டி எதுவும் எதிரே வரவில்லை. வந்திருந்தால் ஏறியிருப்பேனோ என்னவோ.

கலசப்பாக்கத்தில் இறங்கியபோது இரண்டு பாட்டு முடிந்திருந்தது. கடைத்தெருவில் கயிறு கட்டிவிட்டார்கள். கயிற்றுக்கு வெளியே நின்று பார்த்தேன். உன் பின்தலை தெரிந்தது. பக்கத்தில் பச்சைத் துண்டு தெரிந்தது.

பேட்ஜ் குத்திய தொண்டர் ஒருவரிடம் கேட்டேன், "தம்பி, உள்ள விடுப்பா."

"எடமே இல்ல ஆயா. இங்கயே நின்னு கேளு."

"அதோ, பச்சைத் துண்டு போட்ட இடம் எனக்குத்தான்."

"அது யாரோ வர்றவங்களுக்குப் போட்டு வெச்சிருக்காங்க ஆயா."

"அந்த வர்றவங்க நான்தாம்பா."

"இதுவரைக்கும் மூணு பேர் அப்டித்தான் சொன்னாங்க."

உன்னைக் கூப்பிட்டேன். தலைக்கு மேல் குழாய் ஒலிபெருக்கி. நீ இரண்டு தடவை திரும்பினாய், ஆனால் ரோட்டைப் பார்த்தாய். நான் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அப்போதுதான் பஞ்சாட்சரம், மலை டீச்சர் வரவில்லை என்று அறிவித்தார். போகாத ஊரில் எல்லாம் நான் இருப்பதாகச் சொன்னவர், நின்றுகொண்டிருந்த ஊரில் இல்லை என்றார். எனக்கு என்ன தோன்றியதோ, கையைத் தூக்கினேன். வருகைப் பதிவு எடுக்கும்போது நம் பிள்ளைகள் சொல்வார்களே, அப்படி "உள்ளேன் ஐயா" என்றேன். பக்கத்தில் கரும்புச்சாறு பிழிகிறவர் மட்டும் திரும்பிப் பார்த்து, "இன்னா ஆயா, ஒரு கிளாஸா?" என்றார்.

பிறகு அம்சவல்லி நாலாவதாகத் தாலாட்டைப் பாடினாள். நீ கேட்காமல், நானும் கேட்காமல் அவளாகப் பாடினாள். முன்பு கேட்டதைவிடக் குரலில் கொஞ்சம் கரகரப்பு. எனக்கு அதுதான் பிடித்தது. ஒரு பாட்டு, ரோசி. முழுசாகக் கேட்டேன். அது முடியும்போதே மலைக்குப் போகிற கடைசி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. அந்த மூன்றாவது குரல் மட்டும் இல்லாதிருந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு உன் வீட்டுக்கு வந்திருப்பேன். ஓடிப்போய் ஏறினேன்.

மேலே வந்து இறங்கியபோது கொட்டுகிற மழை. தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தால், அண்ணன் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கஞ்சியைக் குடித்துச் சட்டியையும் கழுவி வைத்திருந்தார், ஒற்றைக் கையால். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அதுக்குத்தானே கூப்ட்டேன். குடை எடுத்துக்கினியான்னு. காதுல வாங்காமப் போற."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. நாள் முழுக்க என்னைப் பிடித்து இழுத்தது ஒரு குடை. புளியம்பழத்தில் சதையையும் நாரையும் பிரிக்க நகம் வலிக்கும். அவர் பிரியத்தையும் என்னைக் கட்டின கயிற்றையும் பிரிப்பது அதைவிடக் கஷ்டம். சிக்கல் தீர்ந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இன்று காலையும் பொத்தான் போட்டுவிட்டேன். ஆனால் அவர் அந்தக் குடையைத் தானே எடுத்து வாசல் கதவில் மாட்டி வைத்திருக்கிறார்.

என் பெயரை நீ கொடுக்காதது சரி. பக்கத்து இடத்தை யாருக்காவது கொடுத்திருந்தால் நல்லது. கடைசி வரை காலியாகவே விட்டிருந்தால்தான் எனக்குத் தாங்காது.

ஒன்றை மட்டும் எழுது. கோபத்தோடே எழுது, பரவாயில்லை. நான் பஸ் ஏறின பிறகு, அவள் ஐந்தாவதாக என்ன பாடினாள்?

உன்
கிருபா அக்கா