சும்மா இருந்த புழுக்கள்

ஞாயிறு, 7
காலையிலிருந்து மழை. பாக்கார் ஆராங் சாலையெல்லாம் தண்ணீர். லேபுக்கு அரை மணி தாமதம். குடை வேறு உடைந்தது, வாங்கணும்.

நேற்று கோலா கெத்தில் எஸ்டேட்டில் முனியாண்டி படையல். வெட்டிய ஆட்டின் வயிற்றிலிருந்து அத்தை பொறுக்கித் தந்த புழுக்கள், நான் கொடுத்து வைத்திருந்த உப்புநீர் பாட்டில்களில் ஒன்றில். இன்று பாதியைப் பெராக்சைடில் விட்டேன். மீதி சும்மா உப்புநீரில். ஆட்டின் உடம்பும் புழுவை எதிர்க்கப் பெராக்சைடைத்தான் சுரக்கிறது. அதைத் தாங்கப் புழு எந்தப் புரதத்தைக் கூட்டுகிறது என்பதே என் ஆராய்ச்சி. அந்தப் புரதத்தை அடக்கினால் புது மருந்து. பழைய மருந்துக்கு எஸ்டேட் ஆட்டுப் புழு இப்போது சாவதில்லை.

திங்கள், 8
புரதங்களைக் கோடுகோடாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லைப் பார்த்தேன். கடவுளே! புரதக் கோடு இரண்டு பக்கமும் ஒரே தடிப்பு. சும்மா இருந்த புழுவும் பெராக்சைடு பட்ட புழு மாதிரியே. வித்தியாசம் இல்லையென்றால் ஆராய்ச்சியே இல்லை.

மேற்பார்வையாளர் மேடம் சத்தம் போடவில்லை. அதுதான் பயம். "அடுத்த வாரம் கமிட்டி. இன்னொரு தடவை செஞ்சு காட்டு. இல்லன்னா நிறுத்திடுவாங்க."

மதியம் ஒவ்வொரு படியாகச் சரிபார்த்தேன்; லேபில் பிழை இல்லை.

செவ்வாய், 9
அத்தைக்குப் போன்.

"அந்தத் தண்ணியில ஏதாச்சும் போட்டீங்களா அத்தை?"

"நாத்தம் அடிக்கும்லா, கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டேன். ஏம்மா, தப்பா?"

மஞ்சளாகத்தான் இருந்தது. பித்தம் என்று நினைத்தேன். முட்டாள் நான். லேபுக்கு வருமுன்பே எல்லாப் புழுவும் மஞ்சளோடு மல்லுக்கட்டி அந்தப் புரதத்தைக் கூட்டியிருக்கிறது.

அம்மா போன பிறகு என்னை வளர்த்தவர் அத்தை. எனக்காகக் குடலைக் கிழித்துப் புழு பொறுக்குகிறார். கெடுத்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்ல?

"சேச்சே, இல்ல அத்தை. சும்மா கேட்டேன்."

வெள்ளி இன்னொரு படையல். ஆடு வெட்டுமுன் நானே போய்விடணும். ஐஸ். கையுறை. பெட்ரோல்.

வெள்ளி, 12
மழை வரும் என்று பூசையைச் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். நான் போனபோது கறி அடுப்பில். இந்த வருடத்துக்கு இதுதான் கடைசி ஆடு.

அத்தை ஓடி வந்தார், பாட்டிலைத் துணியில் சுற்றிக்கொண்டு.

"நீ வர லேட்டாச்சா, நானே பொறுக்கி வெச்சுட்டேன். அன்னிக்கு மஞ்சளப் பத்திக் கேட்டியேன்னு இந்த வாட்டி ரெண்டு கரண்டி கூடவே போட்டுட்டேன். போதுமாம்மா?"

துணியைப் பிரித்தேன். சாம்பார் நிறம்.

"போதும் அத்தை" என்றேன்.