ஏழாவது பெயர்

காலையில் கோர்ட்டுக்குக் கிளம்பும்போது குடையைத் தேடிப் பையைக் கவிழ்த்தேன். உன் பொட்டலம் விழுந்தது. பிரிக்காமலே வீடு முழுக்க வசம்பு வாசனை. பெயரை எழுதிவிட்டேனே என்று கோபித்துக்கொள்ளாதே. பச்சைப்பிள்ளைக்கு வாங்குவதைப் பெயர் சொல்லக் கூடாது என்பாய். கும்பகோணத்து நாட்டு மருந்துக் கடையிலும் "பேர் சொல்லாதது குடுங்க" என்றுதான் கேட்டு வாங்கினாய். நாம் சேர்ந்து போன கடைசி வாய்தா அன்று மழை. "இது நனையக் கூடாதுடி, உன் பைல வச்சிரு" என்று திணித்துவிட்டுப் போனாய். இன்னும் என்னிடமே இருக்கிறது.

நம்மைச் சேர்த்துவைத்ததே அந்த வழக்குதான். அதற்கு முன் ஒரே ஊரில் இருந்தும் பார்த்தால் சிரிப்போம், அவ்வளவுதான். புது ஆற்றில் தண்ணீர் வரவில்லை, நாற்றங்கால் காய்கிறது என்று ஊரே போய் ரோட்டில் உட்கார்ந்தது. கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டுவிட்டார்கள். அதோடு போயிற்று என்று நினைத்தோம். பிறகு சம்மன் வந்தது. பட்டியலில் நீ ஏழாவது, நான் எட்டாவது. சட்டவிரோதமாகக் கூடினோமாம், மறித்தோமாம். அன்றிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா ஒரே பஸ், ஒரே வேப்பமரத்தடி, உன் வீட்டு எலுமிச்சஞ்சோறு.

எனக்குக் கோர்ட்டைக் கண்டாலே வயிறு எரியும். உனக்கோ அதன்மேல் சாமி மேல் இருக்கிற மாதிரி ஒரு நம்பிக்கை. பேப்பரில் கோர்ட்டுச் செய்தி ஒன்றுகூட விடமாட்டாய்.

"டெல்லியில சொல்லிட்டாங்கடி. அமைதியாப் போராடுறது உரிமையாம்."

"அந்த ஜட்ஜ நம்ம கோர்ட்டுக்கு மாத்தச் சொல்லு."

சிரித்துக்கொண்டே முதுகில் ஒன்று வைப்பாய். பழைய குற்றச் சட்டத்தை எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள் என்று படித்ததும் நேரே வக்கீலிடம் போய் நின்றாய். "சட்டமே போயிருச்சுங்களே, அப்ப எங்க கேஸு?" அவர் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "சட்டம்தாம்மா போச்சு. கேஸு போகாது."

அப்போதும் நீ மனம் விடவில்லை. உன் ஒரே மகளுக்குச் சிங்கப்பூரில் பிரசவம். கூட இருக்க நீ போயாக வேண்டும். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால் வழக்கு இருக்கிறது, கோர்ட்டு அனுமதி கொண்டுவா என்று திருப்பிவிட்டார்கள். மனுப் போட்டோம். விசாரணைக்கு வந்த அன்று புதுச் சட்டங்களை எதிர்த்து வக்கீல்கள் புறக்கணிப்பு. வாசலில் நின்று கோஷம் போட்டார்கள். "நியாயமான கோரிக்கைதானடி" என்றாய் நீ. எனக்குத்தான் கையில் கிடைத்ததை எடுத்து எறியலாம் போலிருந்தது. அடுத்த முறை போலீஸ் பதில் தாக்கல் செய்யவில்லை. அதற்கடுத்த முறை நீதிபதி மாற்றலாகிப் போய்விட்டார், புதியவர் வரவில்லை. இடையில் உன் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நீ வேப்பமரத்தடியில் போனில் பார்த்தாய். "குப்புற விழுறதுக்குள்ள போயிருவேன்" என்றாய்.

கார்த்திகை மழையில் காய்ச்சல் என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாததால் மகளால் வர முடியவில்லை. உன் முகத்துக்கு நேராக யாரோ போனைப் பிடித்தார்கள். அதிலிருந்து வந்த அழுகை தெருவரை கேட்டது. இருந்த இடத்திலேயே பொங்கித் தின்று, யார் வம்புக்கும் போகாத உனக்கு இப்படியா என்று நான் யாரைக் கேட்பது? கேட்டால் அதற்கும் ஒரு வாய்தா போடுவார்கள்.

நீ போன பிறகும் கோர்ட்டில் உன் பெயரை மும்முறை கூப்பிட்டார்கள். இறந்துவிட்டாள் என்று வக்கீல் எழுந்து சொல்ல வேண்டும். அன்று அவர் வேறு கோர்ட்டில் இருந்தார். நான் எழுந்து சொல்வதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். ஆஜராகவில்லை என்று உனக்கு வாரண்ட் போட்டார்கள். அதைக் கொண்டுவந்த கான்ஸ்டபிள் மாலை போட்ட உன் படத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். "நான் என்னங்க செய்யறது" என்று உன் வீட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். பிறகுதான் இறப்புச் சான்றிதழைக் கொடுத்தோம்.

உன்மேல் இருந்த வழக்கு இல்லாமல் போனது இன்றைக்குத்தான். எழுந்து வாதாட ஆள் தேவைப்படவில்லை. நீதிபதி நிமிராமல் எழுதினார், முடிந்தது. இனி உன் பாஸ்போர்ட்டுக்கு ஒரு தடையும் இல்லையடி. உன் பேத்தி நடக்கிறாளாம். வசம்பு கட்டுகிற வயது தாண்டிவிட்டது.

அப்புறம் எங்களைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். வாசலில் உன் பெயர் கேட்டால்தான் நான் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்திருப்பேன். நீ முன்னால் போவாய், நான் பின்னால். இன்றும் பையை மடியில் வைத்துக்கொண்டு உன் பெயருக்காகக் காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். ஐந்து, ஆறு என்று உள்ளே போனார்கள். பிறகு யாரையோ கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். உன் பெயர் இன்னும் வரவில்லையே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது பக்கத்தில் இருந்தவர் தோளைத் தொட்டார்.

"உங்களைத்தான் கூப்பிடுறாங்க, எந்திரிங்க."