தண்ணீர் ஏறாத மெஷின்

அக். 14, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். கல்வராயன் மலை தெரியவில்லை.

இன்று உறுதியானது: மனைவி வசந்தா கடைசியாக மெஷினில் போட்ட துணி துவைக்கப்படவே இல்லை. சொன்னவர் பஷீர் பாய், மெக்கானிக்.

காரியம் ஞாயிறு. அதற்கு வந்திருக்கும் அக்காவின் உத்தரவு: "வூட்ல கீற துணி அத்தினியும் தொவச்சாகணும்டா. ஒண்ணு வுடக் கூடாது." போர்வைகளைப் போட மெஷினைத் திறந்தேன். உள்ளே என் கோடு போட்ட சட்டை, ஒரு துண்டு, அவளுடைய பச்சைப் புடவை. நெஞ்சுவலி வந்த அன்று காலை போட்டவை. ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை. துவைத்துக் காய்ந்தவை என்றே நினைத்தேன். எடுத்து வைத்துவிட்டு, போர்வையைப் போட்டு, பட்டனை அழுத்தினால் தண்ணீர் ஏறவில்லை.

பாய் சோப்புத் தட்டை இழுத்தார். "தூளப் பாருங்க சார். அம்மா கொட்னது அப்டியே கீது. அன்னிக்கே வால்வு போயிருக்கு."

குறித்துக்கொண்டேன், நிருபர் பழக்கம். குழாய்த் தண்ணீரை மறித்து நிற்பது இன்லெட் வால்வு. கரண்ட் பாய்ந்தால் அதன் காயில், அதாவது கம்பிச்சுருள், காந்தமாகி உள்ளிருக்கும் அடைப்பைத் தூக்கும். தண்ணீர் நேரே துணிக்குப் போகாது. தட்டு வழியாக, தூளைக் கரைத்துக்கொண்டுதான். தட்டில் மூன்று அறை. பூப்போட்டது வாசனைத் திரவத்துக்கு. அதன் முறை கடைசி அலசலில். நம்முடையதில் காயில் எரிந்துவிட்டது.

ஆக, புடவை அவள் அவிழ்த்துப் போட்டபடியே.

அக். 15, புதன்

மலைச்சாலைச் செய்தி அனுப்பினேன். பால் வாங்க மறதி.

சென்னையிலிருந்து மகள் கவிதா போன் செய்தாள். விஷயத்தைச் சொன்னேன்.  "தொவைக்காதீங்கப்பா. நான் வந்துடறேன்."

அக்காவிடம் சொன்னேன். "தீட்டுத் துணிய வச்சிகினு காரியம் பண்ணுவாங்களாடா? இன்னா, பேப்பர்ல எழுதி தீட்டக் கழிச்சிடுவியா?"



அக். 17, வெள்ளி

வெயில். புது வால்வு மாட்டியாயிற்று. தண்ணீர் விட்டுப் பார்ப்பதற்கு முன் பாய் கேட்டார், "தூள எடுத்துடட்டுமா சார்? வுட்டா கரஞ்சிடும்." ஒரு கவரில் வழித்துக் கொடுத்தார். எதற்கு வாங்கிக்கொண்டேன், தெரியாது. மெஷின் ஓடியது. போர்வைகள் துவைத்தாயிற்று.

மதியம் அக்கா புடவையைத் தூக்கிக்கொண்டு துவைக்கிற கல்லுக்குப் போனாள். நான் தடுக்கவில்லை. பக்கெட்டில் தண்ணீர் நிரம்பி வழிகிற சத்தம். போய்ப் பார்த்தேன். புடவையில் முகத்தைப் புதைத்தபடி நிற்கிறாள். கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள்.

"தாளிச்ச வாசனைடா. அவ பொண்ணு வரட்டும்."

நிலுவை: புடவை. கவிதா நாளை காலை, உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி. முடிவு அவளுடையது. காரியம் மறுநாள்.