குடை பிடித்தவனும் மழையில் நின்றவளும்

தம்பிக்கு,

ஒன்பது வருஷம் கழித்து எழுதியிருக்கிறாய். முதல் வரியே, "அக்கா, சிலை பத்திரமா இருக்கா?" பத்திரமாக இருக்கிறது. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், நானும் இருக்கிறேன்.

அப்பா அந்தப் பீங்கான் ஜோடியைப் பிரித்து, குடை பிடித்த பையனை உனக்கும் மழையில் நிற்கும் பெண்ணை எனக்கும் கொடுத்தார். "சேத்து வெச்சுப் பாக்கவாவது ஒருத்தர் வீட்டுக்கு ஒருத்தர் போவீங்க" என்றார். மனுஷனுக்கு என்ன நம்பிக்கை!

அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் உனக்கு லீவு கிடைக்கவில்லை. இப்போது அந்த ஜோடி எங்குமே கிடைப்பதில்லை, வாங்குகிறவருக்கு இரண்டும் சேர்ந்துதான் வேண்டும் என்றதும், "டிக்கெட் போட்டுட்டேன், நேர்ல வந்து வாங்கிக்கிறேன்" என்கிறாய். லீவு கிடைத்துவிட்டது போலிருக்கிறது.

உன் மாமா, "வித்துத் தொலை, கூரை ஒழுகுதுல்ல" என்கிறார். அவர் சொல்வது நியாயம்தான். மேஜைக்குப் பக்கத்தில் வாளியை வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஆனாலும் விற்கமாட்டேன். டிக்கெட்டை ரத்து செய்துவிடு. விற்றால் நீ ஒரு தடவை வருவாய், அதோடு சரி. வைத்திருந்தால், விலை ஏறும்போதெல்லாம் உனக்கு அக்கா ஞாபகம் வரும்.

இப்படிக்கு,
மழையில் நிற்கும் உன் அக்கா